விளம்பரம் செய்யாத கல்லூரிகளில் உங்கள் பிள்ளைக்கான இடம்

பிளஸ் டூ கடைசித் தேர்வை எழுதிவிட்டுப் பிள்ளை வெளியே வருவதற்குள் பள்ளி வாசலில் துண்டுப் பிரசுரத்தோடு ஓர் ஆள் நிற்கிறார். "இப்ப பத்தாயிரம் கட்டிட்டா சீட்டைப் பிடிச்சு வச்சிடலாம் சார். ரிசல்ட் வந்தா ரேட் ஏறிடும்" என்கிறார். தகப்பனார் கட்டிவிடுகிறார். கையில் இருப்பது ஒரு விசிட்டிங் கார்டு, செல்பேசியில் ஒரு ஜிபே பதிவு. ரசீது கிடையாது. மே மாதம் மதிப்பெண் வந்ததும் ஒரிஜினல் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருகிறார். ஜூலையில் பார்த்தால் பிள்ளையின் கட்-ஆஃபுக்கு அரசுப் பொறியியல் கல்லூரியிலேயே இடம் கிடைக்கும் என்று தெரிகிறது. அப்போது என்னிடம் ஓடிவந்து கேட்கிறார்கள்: "கட்டின பணம் போயிடுமே, சர்டிஃபிகேட்டைத் தர மாட்டேங்கறாங்களே, என்ன பண்றது?"

ஆண்டுதோறும் இதையே பார்க்கிறேன். முகங்கள்தான் மாறுகின்றன. காரைக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இளநிலை முடித்ததும், எம்.எஸ்சி. படிக்க வெளியூர்த் தனியார் நிறுவனத்தில் லட்சக்கணக்கில் கட்டிச் சேர்கிறாள். அவள் ஊரிலிருந்து அரைமணிப் பேருந்துப் பயணத்தில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. 1985-ல் தொடங்கியது, நாக் குழுவிடம் ஏ பிளஸ் பெற்றது. காரைக்குடியிலேயே மத்திய அரசின் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. பல்கலைக்கழகத் துறைகளில் வழக்கமான பிரிவில் ஓராண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். "அங்க எம்.எஸ்சி. இருக்கா?" என்று அவள் அப்பா கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்மேல் பாதி. சொந்த மாவட்டத்து மக்களுக்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரியாத நிர்வாகத்தின்மேல் மீதி.

பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு விளம்பரச் செலவுக்குப் பணம் கிடையாது, இருக்கவும் வேண்டாம். ஆனால் சேர்க்கை அறிவிப்பை ஏதோ ஒரு நாளிதழின் மூலையில் சிறிய எழுத்தில் போட்டுவிட்டு, இணையதளத்தில் மூன்றாண்டு பழைய விளக்கக் கையேட்டை அப்படியே தொங்கவிடுவது என்ன நியாயம்? பக்கத்தில் இருக்கும் மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு பேராசிரியரை அனுப்பி ஒரு மணி நேரம் பேசவைக்க எவ்வளவு செலவாகும்? இதைச் செய்யாமல் "மாணவர்கள் வருவதில்லை" என்று கூட்டத்தில் கணக்குக் காட்டுகிறவர்கள்தான் இடங்கள் காலியாகக் கிடப்பதற்கு முதல் பொறுப்பாளிகள்.

எவையெல்லாம் இருக்கின்றன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அண்ணா பல்கலைக்கழகம் என்றால் கிண்டி மட்டும் என்றே பலர் நினைக்கிறார்கள். அதற்குக் கோவை, மதுரை, திருநெல்வேலியில் மண்டல வளாகங்கள் உண்டு. திண்டிவனம், விழுப்புரம், ஆரணி, பண்ருட்டி, அரியலூர், பட்டுக்கோட்டை, திருக்குவளை, திண்டுக்கல், ராமநாதபுரம், தூத்துக்குடி, நாகர்கோவில் என்று உறுப்புக் கல்லூரிகள் உண்டு. இவை தவிர சேலம், பர்கூர், போடி, தஞ்சை செங்கிப்பட்டி, தருமபுரி, ஸ்ரீரங்கம், காரைக்குடி எனப் பல ஊர்களில் அரசுப் பொறியியல் கல்லூரிகள். திருவாரூரில் 2009 முதல் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது; டெல்டா மாவட்டங்களிலேயே அதன் பெயர் தெரியாத பெற்றோரைப் பார்க்கிறேன். திண்டுக்கல் அருகே காந்திகிராம கிராமிய நிறுவனம் 1956 முதல் நடக்கிறது. அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம்தான், ஆனால் மத்திய அரசு நிதியில் நடப்பது. நிகர்நிலை என்றாலே தனியார் என்று நினைத்து அதை ஒதுக்கியவர்கள் உண்டு. தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கு நிஃப்டெம் இருக்கிறது. 2021-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் என்ற தகுதி அதற்குக் கிடைத்தது. அங்கே பி.டெக். சேர ஜே.இ.இ. மெயின் எழுதியிருக்க வேண்டும். தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி 1977 முதல் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி, பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி, கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி, நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள். மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவம் சேர நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்பதுகூடத் தெரியாமல் நீட் தோல்வியோடு உயிரியலைக் கைகழுவிவிடும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

கலை, அறிவியல் பக்கம் போனால் தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகள் நூற்று அறுபதுக்கு மேல். முன்பு பல்கலைக்கழகங்களின் உறுப்புக் கல்லூரிகளாகச் சிற்றூர்களில் நடந்த பலவும் அரசுக் கல்லூரிகளாக மாற்றப்பட்டுவிட்டன. பழைய பெயரிலேயே தேடிவிட்டு "அது மூடிட்டாங்க போல" என்று சொல்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இவ்வளவும் சொன்னதால், அரசு என்று பெயர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிரந்தரப் பேராசிரியர்கள் ஓய்வுபெற்ற இடங்களில் கௌரவ விரிவுரையாளர்கள்தான் பாடம் நடத்துகிறார்கள். பல துறைகள் அவர்கள் தோளில்தான் நிற்கின்றன. அரசு அவர்களை ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்திருப்பது தனி அநியாயம். மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் துணைவேந்தர் நாற்காலி நீண்ட காலம் காலியாகவே கிடந்தது. ஆளுநர் மாளிகைக்கும் கோட்டைக்கும் நடந்த இழுபறியில் பட்டமளிப்பு விழா தள்ளிப்போய், சான்றிதழுக்காகக் காத்துக்கிடந்தார்கள் மாணவர்கள். ஆகவே வளாகத்துக்கு வளாகம், துறைக்குத் துறை பார்த்துத்தான் சேர வேண்டும். அப்படிப் பார்க்க வழி இருக்கிறது. அதை யாரும் பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முதல் வழி, என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைத் தளம். எல்லோரும் எத்தனையாவது இடம் என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். 2024 முதல் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கென்றே தனிப் பட்டியல் வருகிறது, அதைப் பாருங்கள். அதைவிட முக்கியம், அந்தத் தரவரிசைக்காகக் கல்லூரி தானே கொடுத்த விவர அறிக்கை. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். விளம்பரப் பலகையில் இருக்கும் எண்ணுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம். தனியார் கல்லூரிக்கும் இதே சோதனையை வையுங்கள்.

இரண்டாவது வழி, தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போதே, ஜனவரியில், ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதுங்கள். பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், பதிவாளர் அலுவலகம், இன்ன பல்கலைக்கழகம். அரசுக் கல்லூரியென்றால் அந்தக் கல்லூரியின் பொதுத் தகவல் அலுவலர். மாநில அரசு நிறுவனங்களுக்குப் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். என்ன கேட்க வேண்டும்? இன்ன துறையில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை, கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை. கடந்த மூன்றாண்டில் சேர்ந்தவர், முடித்தவர் எண்ணிக்கை. ஓராண்டுக்கு மொத்தக் கட்டணம் எவ்வளவு, தலைப்பு வாரியாக. இன்ன பட்டத்துக்கு அரசு வேலைக்கான இணைத்தன்மை அரசாணை உண்டா, உண்டெனில் எண்ணும் தேதியும் நகலும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை. "ஏன்" என்று கேள்வி கேட்காதீர்கள். ஏன் என்பது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எத்தனை, எவ்வளவு, எந்தத் தேதி என்று மட்டும் கேளுங்கள்.

அந்தக் கடைசிக் கேள்வி, இணைத்தன்மை. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் சேரும்போது யாரும் காதில் வாங்குவதில்லை. படித்து முடித்து, டி.என்.பி.எஸ்.சி.யிலோ ஆசிரியர் தேர்வு வாரியத்திலோ சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்தப்பட்ட பிறகுதான் வருகிறார்கள். பட்டத்தின் பெயரில் ஒரு சொல் கூடியிருந்தாலும், வழக்கமான பட்டத்துக்கு அது இணையானது என்று அரசாணை இல்லாவிட்டால் பணிக்கு ஏற்கமாட்டார்கள். புதுப்புதுப் பெயரில் பாடங்களைத் தொடங்குவதில் பல்கலைக்கழகங்கள் காட்டும் வேகம், அவற்றுக்கு இணைத்தன்மை வாங்குவதில் இருப்பதில்லை. பொதுப் பல்கலைக்கழகமும் இதில் விதிவிலக்கல்ல. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு பரிந்துரைத்து, உயர்கல்வித் துறை அரசாணை வெளியிட வேண்டும். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்று துறைத்தலைவர் சொன்னால் அது பதிலே அல்ல. அரசாணை எண் கேளுங்கள். எண் இல்லையென்றால் அந்தப் படிப்பை அரசு வேலைக் கணக்கில் வைக்காதீர்கள். திரும்பவும் சொல்கிறேன்: அரசாணை எண்.

இன்னொரு கேள்வியும் நேரிலேயே கேட்டுவிடுங்கள்: இந்தப் பாடம் வழக்கமான பிரிவா, சுயநிதிப் பிரிவா? ஒரே வளாகத்தில், ஒரே கட்டடத்தில் இரண்டும் நடக்கும். கட்டணம் பல மடங்கு வேறுபடும். கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் வேலைநாளில், காலை பதினொரு மணிக்குப் போங்கள். ஆய்வகம் திறந்திருக்கிறதா, வகுப்பில் ஆசிரியர் இருக்கிறாரா என்று பாருங்கள். கடைசி ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை போய் நுழைவாயிலைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதில் ஒரு பயனும் இல்லை.

இனி, தேதிகள். நல்ல பொதுக் கல்லூரி இடங்கள் பெரும்பாலும் மதிப்பெண்ணால் பறிபோவதில்லை, தேதியால் பறிபோகின்றன.

திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், காந்திகிராமம் போன்றவற்றில் இளநிலைச் சேர்க்கைக்குக் கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. அதற்கு விண்ணப்பம் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வந்து முடிந்துவிடும். பிளஸ் டூ முடிவு வருவது மே மாதம். முடிவு வந்த பிறகு கல்லூரி தேடத் தொடங்கும் வீட்டுக்கு இந்தக் கதவு அதற்கு முன்பே சாத்தப்பட்டாயிற்று. பள்ளித் தலைமையாசிரியர்கள் காலை வழிபாட்டில் இதை ஒருமுறை அறிவித்திருந்தால்கூடப் போதும். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் அதுவும் நடப்பதில்லை. கியூட் வினாத்தாளைத் தமிழிலும் எழுதலாம். ஆங்கிலத்தில் மட்டும் என்று நினைத்துப் பின்வாங்க வேண்டாம். தேர்வு எழுதியதோடு வேலை முடியவுமில்லை. மதிப்பெண் வந்ததும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். தேர்வு எழுதினோமே, அவர்களே கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து இடத்தை இழந்தவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. என்ற ஒரே தளத்தில் விண்ணப்பம். முடிவு வெளியாகும் நாட்களையொட்டித் திறக்கும்; சில வாரங்களில் மூடும். ஒரு விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரிகள் வரை தேர்ந்தெடுக்கலாம். கடந்த ஆண்டுகளில் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 2 ரூபாய் மட்டும். ஐம்பது ரூபாய் வேலைக்குக் கணினி மையத்தில் ஐந்நூறு பிடுங்கினால் கொடுக்காதீர்கள், அரசுக் கல்லூரிகளிலேயே உதவி மையம் வைத்திருக்கிறார்கள். விண்ணப்பம்தான் ஒரே தளம். கலந்தாய்வை ஒவ்வொரு கல்லூரியும் தன் வளாகத்தில் தன் தேதியில் நடத்தும். அந்தத் தேதியும் தரவரிசையும் கல்லூரியின் அறிவிப்புப் பலகையிலும் இணையதளத்திலும் வரும். குறுஞ்செய்தி வரும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண், மற்றவற்றுக்கு நான்கு பாடங்களின் மொத்தம் என்று தனித்தனித் தரவரிசை போடுவார்கள். ஒன்றில் பின்தங்கியவர் இன்னொன்றில் முன்னால் இருக்கலாம். முதல் சுற்றில் பெயர் இல்லையென்றதும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். இரண்டாம், மூன்றாம் சுற்றுகளிலும் இடம் கிடைக்கிறது. தினமும் காலையில் அந்தப் பலகையைப் பார்க்க ஒருவர் போய்வர வேண்டும்.

பொறியியல் கலந்தாய்வு வேறு மாதிரி. விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் நிரப்பலாம். காதில் விழுந்த பத்துப் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் பட்டியலைப் பூட்டிவிடுகிறார்கள். ஆரணியும் திருக்குவளையும் பண்ருட்டியும் அதில் இருப்பதே இல்லை. போடுங்கள். ஒரே பெயரில், ஒரே மாதிரிப் பெயரில் கல்லூரிகள் இருப்பதால் பெயரை நம்பாமல் குறியீட்டு எண்ணைச் சரிபார்த்துப் போடுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். அந்த இரண்டு நாளில் குடும்பத்தோடு திருவிழாவுக்குப் போய்விட்டு வந்து "சீட் கேன்சல் ஆயிடுச்சு" என்று நிற்பவர்களுக்கு என்னிடம் ஆறுதல் இல்லை. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன் என்ற தெரிவு உண்டு. ஆனால் அதற்கும் உரிய நாளுக்குள் உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கையில் இருந்த இடமும் போய்விடும்.

சான்றிதழ்களை இப்போதே எடுத்து வையுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். மே, ஜூன் மாதங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் மொய்ப்பதால் கிராம நிர்வாக அலுவலரிடமும் வருவாய் ஆய்வாளரிடமும் கோப்பு தேங்கும். ஏப்ரலிலேயே போடுங்கள். முதல் பட்டதாரி சான்றுக்குப் பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோரின் கல்வி விவரமும் உறுதிமொழியும் கேட்பார்கள். மண்டலத் துணை வட்டாட்சியர் வழங்குகிறார். வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டதாரி என்றால் அடுத்த பிள்ளைக்கு இல்லை. ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டு இடம் எடுத்தவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் முன்பணம் கட்டிச் சேர்ந்தவருக்குக் கிடையாது. "நாங்களே வாங்கித் தருவோம்" என்று புரோக்கர் சொன்னால் அது பொய்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளையென்றால் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அப்படிச் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதற்குப் பள்ளித் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட படிப்புச் சான்று வேண்டும். ஒரே ஓராண்டு வேறு பள்ளியில் படித்திருந்தாலும் கேள்வி வரும், எல்லாப் பள்ளிகளிலும் கேட்டு வாங்குங்கள். மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும் தமிழ்ப் புதல்வன் 2024-லும் வந்தன. விண்ணப்பத்தைக் கல்லூரியின் பொறுப்பு அலுவலர் வழியாகவே போட வேண்டும். வங்கிக் கணக்கு மாணவர் பெயரில், ஆதாரோடு இணைந்து இருக்க வேண்டும். அப்பா கணக்கைக் கொடுத்துவிட்டுப் பணம் வரவில்லை என்று புலம்புவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

வெளியூர்க் கல்லூரி என்றால் தங்க எங்கே போவது என்று பெண்பிள்ளைகளின் பெற்றோர் தயங்குகிறார்கள். கல்லூரி மாணவர்களுக்கு அரசின் நலத்துறை விடுதிகள் இருக்கின்றன. 2025-லிருந்து சமூகநீதி விடுதி என்று பெயர். உணவும் தங்கலும் இலவசம். வருமான வரம்பு உண்டு. வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே குறைந்தபட்சத் தொலைவு இருக்க வேண்டும் என்ற விதி மாணவியருக்குப் பொருந்தாது. விண்ணப்பம் விடுதிக் காப்பாளரிடமோ ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் நலத்துறை அலுவலகத்திலோ கிடைக்கும். கல்லூரியில் இடம் உறுதியான அன்றே போடுங்கள்.

"பல்கலைக்கழகம்" என்ற பலகையைக் கண்டு ஏமாறுவதும் குறையவில்லை. யு.ஜி.சி. தளத்தில் மத்திய, மாநில, நிகர்நிலை, தனியார் என நான்கு பட்டியல்கள் இருக்கின்றன. போலிப் பல்கலைக்கழகங்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. முதல் நான்கு பட்டியல்களிலும் இல்லாத "பல்கலைக்கழகம்" எதுவும் பட்டம் தர முடியாது. வெளி மாநிலப் பல்கலைக்கழகத்தின் "மையம்" என்று கடைத்தெரு மாடியில் நடப்பவற்றின் பக்கமே போகாதீர்கள். தொலைநிலைப் படிப்பென்றால் அந்த ஆண்டுக்கு, அந்தப் பாடத்துக்கு யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போன ஆண்டு அனுமதி இருந்தது என்பதை மட்டும் நம்பிச் சேராதீர்கள்.

இப்போது முதலில் சொன்ன தகப்பனாரின் கேள்விக்கு வருகிறேன். கட்டிய பணம் போய்விடவில்லை. சான்றிதழைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கு உரிமையும் இல்லை.

யு.ஜி.சி. 2018-ல் வெளியிட்ட அறிவிக்கைப்படி ஒரிஜினல் சான்றிதழ்களைச் சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். கல்லூரி வைத்துக்கொள்ளலாம் என்பது சுயசான்றொப்பமிட்ட நகல்களை மட்டுமே. பணத்துக்கும் அதே அறிவிக்கை அடுக்கு வகுத்திருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ இருக்கும்போதே விலகினால் முழுக் கட்டணம். அதில் நடைமுறைச் செலவாக ஐந்து விழுக்காடு, அதிகபட்சம் 5000 ரூபாய் மட்டும் பிடிக்கலாம். பதினைந்து நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு. கடைசித் தேதி முடிந்து பதினைந்து நாள் வரை 80, முப்பது நாள் வரை 50. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சமீப ஆண்டுகளில் யு.ஜி.சி. இன்னும் தாராளமாகத் தனிச் சுற்றறிக்கையும் விடுகிறது. 2024-25 சேர்க்கைக்குச் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகையும், அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு அதிகபட்சம் 1000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியும் தரச் சொன்னது. உங்கள் ஆண்டுக்கான சுற்றறிக்கையை யு.ஜி.சி. தளத்திலிருந்து இறக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள். பொறியியல் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யும் உரிய கடைசித் தேதிக்குள் விலகினால் 1000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்று விதித்திருக்கிறது.

வாயால் கேட்டுக்கொண்டு நடையாய் நடக்காதீர்கள். நாள் ஓடவிடுவதுதான் அவர்கள் தந்திரம். தேதி தாண்டினால் அடுக்கு இறங்கிவிடும். முடிவெடுத்த அன்றே கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதுங்கள். மாணவர் பெயர், விண்ணப்ப எண், பாடம், எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள், ரசீது எண் அல்லது வங்கிப் பரிமாற்ற எண், இன்ன தேதி முதல் விலகுகிறேன், கட்டணத்தையும் ஒரிஜினல் சான்றிதழ்களையும் திருப்பித் தரவும், வங்கிக் கணக்கு விவரம். இவ்வளவுதான். யு.ஜி.சி. சுற்றறிக்கையின் நகலை இணையுங்கள். நேரில் ஒரு பிரதி, விரைவுத் தபாலில் ஒரு பிரதி, கல்லூரி மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி. ரசீது தராத ஆளிடம் பணம் கொடுத்திருந்தால் ஜிபே பதிவையும் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள்.

பதில் இல்லையென்றால் அடுத்த படி, கல்லூரியின் மாணவர் குறைதீர்க் குழு. 2023 யு.ஜி.சி. ஒழுங்குமுறைப்படி எல்லாக் கல்லூரியிலும் அது இருக்க வேண்டும், பதினைந்து வேலைநாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அந்த முடிவில் திருப்தியில்லையென்றால் பதினைந்து நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. அவர் முப்பது நாளுக்குள் முடிக்க வேண்டும். இதோடு சேர்த்து யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் பதியுங்கள். கலை அறிவியல் கல்லூரியென்றால் உங்கள் மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்துக்கும், பொறியியலென்றால் கிண்டியில் இருக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் மனு. இந்த அலுவலகங்கள் மனுவை அப்படியே கல்லூரிக்குத் திருப்பி அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருப்பதை நானறிவேன். விடாதீர்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நினைவூட்டுக் கடிதம் போடுங்கள். அரசின் "முதல்வரின் முகவரி" உதவி எண் 1100-லும் பதியலாம், திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கல்வி நிறுவனங்கள் தரும் கல்வி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றமே சொன்ன தீர்ப்புகள் இருப்பதால் அதை முதல் வழியாக நம்ப வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்; மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. இலவச அழைப்பு எண் 15100. அங்கிருந்து போகும் ஒரு நோட்டீசுக்கே பல கல்லூரிகள் சான்றிதழைக் கொடுத்துவிடுகின்றன. கலந்தாய்வில் சேர வேண்டிய கடைசி நாளுக்குள் அந்த டி.சி. கையில் வர வேண்டுமானால், விலகல் கடிதத்தை இன்றைக்கே எழுதுங்கள். கல்லூரி அலுவலகத்தில் உங்கள் பிரதியில் தேதி முத்திரையும் கையொப்பமும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.